இணையங் காட்டுங் கல்லூரி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் தமிழ்நாட்டின் எண்ணிறந்த இல்லங்களில் ஒரே வினா எழுகின்றது. எக்கல்லூரியிற் சேர்வது? இதற்கு விடை கூறும் உரிமை முன்னாளில் ஊர்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கோ, நகரத்தில் உத்தியோகம் வகித்த தாய்மாமனுக்கோ உரியதாய் இருந்தது. இந்நாளில் அவ்வுரிமையைக் கைப்பேசி கைக்கொண்டுவிட்டது. ‘சிறந்த கல்லூரி’ என்னும் இரு சொற்களை அதில் இட்ட மாத்திரத்தில் தரவரிசைப் பட்டியல்களும், நட்சத்திரக் குறிகளும், புன்னகை பூத்த மாணவர் படங்களும், ‘இடங்கள் விரைந்து நிரம்புகின்றன’ என்னும் எச்சரிக்கையும் திரை முழுதும் வந்து குவிகின்றன. இவற்றுள் எதனை நம்புவது, எதனைத் தள்ளுவது என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஏற்கெனவே கல்லூரியில் இடம் பெற்றுவிட்ட நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். நம்மிற் பலர் முதுகலைக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் வேறிடம் தேடவேண்டியவரே. அதுவன்றி, இவ்விஷயத்தில் எல்லாரும் ஒரே நிலையில் நிற்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். படித்த குடும்பத்திற் பிறந்த ஒருவன் இணையத்திற் கண்டதனைத் தன் அத்தையிடமோ தமையனிடமோ சொல்லிச் சரிபார்த்துக் கொள்வான். தன் குடியில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பெண்ணுக்கோ கேட்பதற்கு ஆளில்லை. அவளுக்குத் தலைமையாசிரியரும் தாய்மாமனும் அந்தத் திரையேயாம். அது பொய்யுரைத்தால், அடகு வைத்த நகையும், வாங்கிய கல்விக் கடனும், அவற்றினும் அரிய மூன்று நான்கு ஆண்டுகளும் அவளுடையவையே.

தமிழ் பயில்வோராகிய எமக்குப் பழக்கமான ஒரு வழியிலிருந்தே தொடங்குகின்றோம். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பற்பல இடங்களினின்றும் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கினார் என்பதை யாவரும் அறிவர். ஏடுகளை ஒப்பிடுவார் முதற்கண் கற்கும் பாடம் ஒன்றுண்டு. ஓர் ஏட்டைப் பார்த்தே எழுதப்பட்ட பத்துப் பிரதிகள் பத்துச் சான்றுகளாகா; அவையெல்லாம் சேர்ந்து ஒரு சான்றே. மூல ஏட்டிற் புகுந்த பிழை பத்திலும் அப்படியே இருக்கும். இவ்வாறு ஒரே பிழையைச் சுமந்து நிற்பதனைக் கொண்டே அவை ஒரு தாயின் மக்கள் என்பதையும் பதிப்பாசிரியர் உணர்ந்துகொள்வர்.

கல்லூரி தேடும் தளங்களிலும் இதனையே காண்கின்றோம். ஒரு கல்லூரியைப் பற்றிப் பத்துத் தளங்கள் ‘பசுமை சூழ்ந்த வளாகம், அனுபவம் மிக்க ஆசிரியர், நவீன ஆய்வுக்கூடங்கள்’ என்று ஒருவாய்ப்படக் கூறுமாயின், பத்துப் பேர் நேரிற் கண்டு சொன்னார் என்று மயங்குதல் எளிது. அவ்வாக்கியத்தை அப்படியே எடுத்து மேற்கோட்குறிக்குள் வைத்துத் தேடிப் பார்த்தால், எழுத்துப் பிழையுங்கூட மாறாமல் அஃது எல்லாவிடத்தும் கிடப்பது தெரியவரும். மூல ஏடு பெரும்பாலும் அக்கல்லூரியே அச்சிட்ட விளக்கக் குறிப்பேடாக இருக்கும். வினாவுக்கு உடனே விடை எழுதித் தரும் புதிய இயந்திரங்களும் இத்தகைய தளங்களைப் படித்தே பேசுகின்றன. ஆகவே அவை சொல்வதும் பதினோராவது பிரதியேயன்றி வேறு சான்றன்று.

மூலம் கல்லூரியின் சொல்லே என்று கண்டபின், அச்சொல்லைச் சரிபார்த்தவர் யார் என்னும் வினா எழும். இவ்வினா வீணானதன்று என்பதற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றனைச் சற்று விரித்துரைப்பாம். அந்நாட்டில் ‘யு. எஸ். நியூஸ்’ என்னும் பத்திரிகை 1983 முதலாகக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி வெளியிட்டு வருகின்றது. 2021 செப்டம்பரில் வெளியான பட்டியலில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம், ஹார்வர்டு முதலியவற்றோடு சமமாய், இரண்டாம் இடத்தைப் பெற்றது. அப்பல்கலைக்கழகத்திலேயே கணிதம் போதிக்கும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் என்பார் இதில் ஐயுற்றார். இருபது பேருக்குக் குறைந்த வகுப்புக்கள் 100-க்கு 82.5 என்று பல்கலைக்கழகம் தெரிவித்திருந்தது. அவரோ, எவரும் பார்க்கக்கூடிய வகுப்பு அட்டவணையை எடுத்து எண்ணினார். கணக்கு 62.7-க்கும் 66.9-க்கும் இடையிலேயே நின்றது. இதனையும் இவைபோன்ற பிறவற்றையும் 2022 பிப்ரவரியில் அவர் வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகம் தானே மீண்டும் எண்ணிப் பார்த்து, உண்மைத் தொகை 57 என்று ஒப்புக்கொண்டது. அடுத்த பட்டியலில் அது பதினெட்டாம் இடத்திற்கு இறங்கியது. 2023-இல் இளங்கலைப் பட்டியலுக்கு விவரம் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. மாணவர் தொடுத்த வழக்கில், குற்றத்தை ஏற்றுக்கொள்ளாமலே, 90 இலட்சம் டாலர் கொடுக்க 2025-இல் இசைந்தது.

இவ்வரலாற்றில் எம் மனத்தைக் கவர்வது பல்கலைக்கழகம் பிழைபட்டது மட்டுமன்று. கட்டடமும் ஆசிரியரும் மாணவரும் ஓராண்டிற்குள் பதினாறு படி இறங்கவில்லை, இறங்கியது எண்ணே. பத்திரிகை அவ்வெண்ணைத் தான் எண்ணிப் பெறவில்லை. பந்தயத்தில் ஓடியவரே தாம் ஓடிய நேரத்தை எழுதிக் கொடுக்க, நடுவர் அதனை வாங்கி அறிவித்தார். பிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் வணிகவியற் பள்ளி இதனினும் ஒருபடி மேற்சென்றது. அதன் இணையவழி நிர்வாகப் பட்டப்படிப்பு 2015 முதல் 2018 வரை நான்காண்டுகள் முதலிடத்தில் வைக்கப்பட்டது; அனுப்பிய விவரங்கள் பொய் என்று பின்னர் வெளிப்பட, அப்பள்ளியின் முன்னாள் தலைவர் குற்றவாளி என 2021-இல் தீர்ப்பாகி, 2022-இல் பதினான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இவற்றிற்கு மாறான முயற்சியும் அந்நாட்டிலேயே உண்டு. 2015 செப்டம்பரில் அந்நாட்டுக் கல்வித்துறை ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்னும் தளத்தைத் திறந்தது. ஒரு கல்லூரியிற் பயின்றோர் பின்னாளில் எவ்வளவு சம்பாதிக்கின்றனர் என்பதை அது கல்லூரியிடங் கேட்பதில்லை. வரித்துறையின் கணக்கினின்றும் பெறுகின்றது. சொல்பவர்க்கு அவ்வெண்ணால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. எனினும் மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ பெற்ற மாணவரே அக்கணக்கிற் சேர்வர். தம் பொருளாற் படித்தோர் அதில் இல்லை. நம்பத்தக்க எண்ணுக்கும் எல்லையுண்டு என்பதைப் பயன்படுத்துவோர் மறத்தலாகாது.

இனி ஊதியத்தின் பக்கம் வருவோம். கல்லூரி தேடித் தரும் தனியார் தளங்கள் நம்மிடம் ஒரு காசும் பெறுவதில்லை. ஆயினும் அவற்றிற்கு அலுவலகமும் ஆட்களும் உண்டு. அச்செலவைத் தருபவர் யாவர்? பெரும்பாலும் மாணவரைத் தேடும் கல்லூரிகளே. விளம்பரத்திற்கு ஒரு தொகை, பட்டியலின் தலைப்பில் நிற்பதற்கு ஒரு தொகை, விருப்பங் காட்டிய மாணவரின் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் ஒரு தொகை என இவ்வாணிகம் நடைபெறுகின்றது. எம் விடுதி நண்பர் ஒருவர் பள்ளி முடித்த காலத்தில் இயற்பியல் படிக்க எண்ணி ஒரு தளத்தில் தம் எண்ணைப் பதிந்தாராம். ஒரு வாரத்திற்குள், அவர் பெயரையும் மதிப்பெண்ணையும் நன்கறிந்த இனிய குரல்கள் பல அவரை அழைத்து, உணவு விடுதி நிர்வாகமும் விமானப் பணியும் பயில வற்புறுத்தின. இயற்பியலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாணிகம் பாவமன்று, மறைத்து நடத்துவதே குற்றம். 2017-இல் அமெரிக்க மத்திய வாணிக ஆணையம் ‘விக்டரி மீடியா’ என்னும் நிறுவனத்தின்மீது ஒரு குற்றச்சாட்டுக் கொணர்ந்தது. படைவீரர்க்கு உகந்த கல்லூரிகளைத் தேடித் தருவதாகக் கூறிய அதன் தேடுகருவி, உண்மையிற் பணம் கட்டிய கல்லூரிகளை மட்டுமே தேடிக் காட்டிற்று என்பதும், உகந்தவை என அந்நிறுவனமே தேர்ந்தெடுக்காதனவும் அவற்றுள் இருந்தன என்பதும் அக்குற்றச்சாட்டின் சாரம். பணம் பெற்றுச் செய்யும் பரிந்துரையை அவ்வாறு வெளிப்படக் கூறவேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டு வழக்கு முடிந்தது. ஆகவே ஒரு தளத்தைத் திறந்தவுடன் பட்டியலை விட்டு, அடிப்பக்கத்தில் சிறிய எழுத்திற் கிடக்கும் ‘எம்மைப் பற்றி’, ‘எம்மோடு விளம்பரம் செய்ய’ என்னும் பகுதிகளை முதலிற் படிப்பது நன்று. மாணவர்க்கு ஒரு முகமும் கல்லூரிகட்கு மற்றொரு முகமும் காட்டும் தளங்களை அவ்விடத்திற் கண்டுகொள்ளலாம்.

மாணவர் எழுதிய கருத்துரைகள் என்பனவற்றைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. எழுதுவோர்க்குப் பரிசு தரும் தளங்களும் உள்ளன. ‘மிக அருமையான கல்லூரி’ என்னும் நூறு வாக்கியங்களைக் காட்டிலும், ‘நூலகத்தை மாலை ஐந்து மணிக்கே பூட்டிவிடுகின்றனர்’ என்னும் ஒரு வாக்கியம் பயனுடையது. அதனைச் சென்று பார்த்து மெய்யோ பொய்யோ என அறியலாமன்றோ?

நம் நாட்டில் அரசாங்கத்தின் சார்பில் நிகழும் தரவரிசை, என்.ஐ.ஆர்.எஃப். எனச் சுருக்கி வழங்கப்படும் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு. 2015-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் முதற் பட்டியல் வெளிவந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தொகையை இது வெளித் தொகுப்புக்களினின்றும் எடுத்துக்கொள்கின்றது. ஏனைய பலவற்றைக் கல்லூரிகள் தாமே எழுதித் தருகின்றன. கற்றோரும் முதலாளிகளும் கொண்டுள்ள அபிப்பிராயத்திற்கு 100-இல் 10 பங்கு உண்டு. புகழ் பெற்றது மேலும் புகழ் பெறுதற்கு இது வழி. விண்ணப்பித்த கல்லூரிகளே வரிசையில் வருமாதலின், பட்டியலிற் காணாத கல்லூரி பயனற்றது என முடிவு கட்டுதல் தவறு. 2025-ஆம் ஆண்டின் பட்டியல் செப்டம்பர் மாதத்தில் வெளியாயிற்று. மே மாதத்தில் விண்ணப்பம் வாங்குவோர் கையில் இருப்பது முந்தைய ஆண்டின் பட்டியலே, அதிலுள்ள விவரங்களோ அதற்கும் முந்தியவை.

இத்தனை குறையிருந்தும், எம் கருத்தில் அதன் பெரும்பயன் வரிசை எண்ணில் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த விவரத்தாள் அத்தளத்தில் தனியே வைக்கப்பட்டிருக்கின்றது. அதிற் சேர்ந்தவர் எத்தனை பேர், உரிய காலத்திற் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர், வேலை பெற்றோரின் இடைநிலைச் சம்பளம் யாது என்னும் எண்கள் உள்ளன. இடைநிலைச் சம்பளம் என்னும் இச்சொல்லைக் கல்லூரி தேடும் இளையோர் ஒவ்வொருவரும் நெட்டுருச் செய்தல் தகும். ஐவர் வேலை பெற்றனர் என்று கொள்வோம். அவருள் இருவர்க்கு ஆண்டுக்கு மூன்று இலட்சம், ஒருவர்க்கு மூன்றரை, ஒருவர்க்கு நான்கு, ஒருவர்க்கு மட்டும் நாற்பது இலட்சம். விளம்பரப் பலகையில் ‘நாற்பது இலட்சம்’ என்று எழுதுவர். சராசரி கேட்டால் பத்து இலட்சத்து எழுபதாயிரம் என்பர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் வரிசையின் நடுவில் நிற்பவர் பெறுவது மூன்றரை இலட்சமே. இடைநிலைச் சம்பளம் என்பது அதுவே. ‘நூற்றுக்கு நூறு பேர்க்கு வேலை’ என்னும் வாசகத்திலும், எந்த நூறு பேர் என்று கேட்டல் வேண்டும். சேர்ந்தவரா, தேறியவரா, வேலைத் தேர்வுக்கு அமரத் தகுதி பெற்றுப் பெயர் கொடுத்தவர் மட்டுமா?

‘நாக்’ என்னும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு 1994-இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. அது தரும் தரச்சான்றுக்குக் காலவரையறை உண்டு. காலங் கடந்த சான்றையும் வாயிற்பலகையிலிருந்து இறக்க மனமில்லாத கல்லூரிகள் உளவாதலின், அக்குழுவின் தளத்திற் சென்று ஆண்டைப் பார்த்துக்கொள்வதே முறை. 2025 பிப்ரவரியில், நல்ல தரம் பெறுதற்குக் கையூட்டுக் கொடுத்ததாகவும் பெற்றதாகவும் குற்றஞ்சாட்டி, ஆய்வுக் குழுவினர் சிலரையும் கல்வி நிறுவனம் ஒன்றைச் சார்ந்தோரையும் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. சரிபார்ப்பவரையும் சரிபார்க்க வேண்டிய காலம் இது.

எனின், எல்லாம் ஐயத்திற்குரியன என்று கைவிடுவதா? அன்று. தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்று வேறு வழி காட்டுகின்றது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கத்தினர், அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த பொறியியற் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டனர். முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டிருந்தனர். ஒருவர் பத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே வேளையிற் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்! கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களும் இதற்கு நாணுவர். பல்கலைக்கழகமும் விசாரணை தொடங்கிற்று. இதில் அறியத்தக்கது யாதெனின், பட்டியல் பொய்யாயிருந்தும், அது வெளிப்படையாய் இருந்தமையாலேயே பொய் அகப்பட்டது. ‘தகுதி வாய்ந்த ஆசிரியர் பலர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எவர் என்ன செய்திருக்க முடியும்? கொலம்பியாவிலும் பேராசிரியர்க்கு உதவியது திறந்து வைத்த அட்டவணையே. ஆகவே, தம் முடிவை மட்டும் அறிவிக்கும் தளத்தைக் காட்டிலும், முடிவுக்கு அடிப்படையான பெயரையும் எண்ணையும் ஆண்டையும் காட்டும் தளத்தையே யாம் மேலானதாகக் கொள்ளுகின்றோம். அதிற் பிழையிருப்பினும் பிறர் கண்டுபிடிக்க இடமுண்டு.

பட்டமே செல்லாத இடங்களும் உண்டு என்பதை இறுதியிற் கூறுகின்றோமாயினும், நாடுவோர் முதலிற் பார்க்கவேண்டியது அதுவே. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமோ, நிகர்நிலை பெற்றதோ, பாராளுமன்றம் தனியே அதிகாரம் அளித்ததோ அன்றிப் பிறிதொன்று பட்டம் வழங்கலாகாது. அக்குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பெயர்களைத் தன் தளத்தில் வெளியிட்டு வருகின்றது. 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பட்டியலில் இருபது பெயர்கள் இருந்தன. அவற்றுள் எட்டு, தலைநகராகிய தில்லியிலேயே. கல்லூரியாயின், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது எனக் கேட்டு, அப்பல்கலைக்கழகத்தின் தளத்தில் அக்கல்லூரியின் பெயரும், நாம் சேர விரும்பும் பாடமும் உள்ளனவா எனக் காணவேண்டும். கல்லூரி மெய்யாய் இருந்து பாடம் அனுமதி பெறாதிருத்தலும் கூடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இவ்வளவும் பிற கல்லூரிகளைப் பற்றியன என்று நாம் அமைதல் ஆகாது. நம் கல்லூரியின் இணையப் பக்கமும் கல்லூரியே தன்னைப் பற்றிக் கூறுவதுதான். அதில் ஓங்கி நிற்கும் பழைய மாணவர்களின் படங்கள் மெய்யே. இடையிற் படிப்பை நிறுத்திச் சென்றோரின் படங்கள் அங்கே இரா. இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்களும், நம்மைப் போன்று இன்று பயில்வோரும், தம் ஊர்ப் பிள்ளைகள் கேட்குங்கால் இரண்டையும் சொல்லக்கூடியவர்கள்.

மேலே கூறிய அரசாங்கத் தளங்களில் ஒரு குறையை மட்டும் சொல்லாது விடுதற்கில்லை. மானியக் குழுவின் பட்டியலும், தரவரிசையின் விவரத்தாள்களும், தரச்சான்றின் ஆண்டும் நாம் காணும்போது ஆங்கிலத்திலேயே விரிகின்றன. கல்லூரியின் விளம்பரமோ நல்ல தமிழில், பேருந்தின் பின்புறத்திலும் ஊர்ச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கின்றது. மகளை அழைத்துக்கொண்டு சேர்க்கைக்கு வரும் தந்தை எதனைப் படிப்பார்? மே மாத விடுமுறையில் நாம் ஊருக்குத்தானே செல்கின்றோம். பழைய பள்ளியில் ஒரு மாலை அமர்ந்து, விவரத்தாளைத் திறந்து, இன்ன கல்லூரியில் இத்தனை பேர் சேர்ந்தனர், இத்தனை பேர் தேறினர், நடுவில் நிற்பவர் பெறும் சம்பளம் இது என்று தமிழிற் படித்துச் சொல்ல ஒரு கல்லூரிக்குப் பத்து நிமிஷத்திற்கு மேல் ஆகாது.